காசு கேட்காத இடங்கள்

எங்கள் பக்கத்தில் காசு கேட்காத இடங்கள் ஏழு இருந்தன. எண்ணித்தான் சொல்கிறேன். என் வயதுக்காரர்கள் உங்களில் நாலைந்து பேர் இன்னும் இருக்கிறீர்கள். தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் பூ கட்டும்போது பேச்சு வந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது பொழுதை எப்படிக் கழித்தோம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள். ஒருத்தி ராட்டினம் என்றாள். ஒருத்தி படக்கொட்டகை என்றாள். என்னைக் கேட்டபோது நான் கையிலிருந்த பூ நாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பேச வராது. எழுதித் தருகிறேன் என்றேன். படித்தது இரண்டாம் வகுப்பு வரை, அதுவும் வளர்ந்த பிறகுதான். ஆகவே நீட்டாமல் எழுதுகிறேன்.

ஜொகூர் பாருவின் வெளி ஓரம். டவுன் என்று சொல்ல முடியாது. தோட்டமும் இல்லை. ரோட்டு வேலைக்காரர்களுக்குக் கட்டிக் கொடுத்த லயம். பத்து அறை. பலகைச் சுவர், தகரக் கூரை. வாசலுக்கு எதிரே ஒரு தண்ணீர்க் குழாய். அதற்கு அப்பால் செம்மண் சரிவு, ரயில் தண்டவாளம், அதற்கும் அப்பால் கடல். பெரிய கடல் இல்லை. அக்கரையில் சிங்கப்பூர்க்காரன் துணி காயப்போட்டால் இங்கிருந்தே தெரியும் என்று அப்பா சொல்வார். தெரியாது. நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா ரோட்டில் தார் ஊற்றுகிறவர். அவர் கால் விரல்கள் எப்போதும் கறுப்பு. அம்மா மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவாள். தார் போகும், மண்ணெண்ணெய் வாடை நிற்கும். எங்கள் அறைக்கு அதுதான் வாடை.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ரப்பர் விலை விழுந்தது. ரப்பருக்கும் ரோட்டுக்கும் என்ன என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் காலை மண்டோர், அதாவது அப்பாவின் கூட்டத்துக்குத் தலைவர், லயத்து வாசலில் நின்று சொன்னார்.

"இனிமே வேல இல்ல. ஊருக்குப் போறவங்களுக்குக் கப்பல் சும்மா. கப்பல்ல சோறும் சும்மா. கப்பல் வர்ற வரைக்கும் அறையில இருந்துக்கலாம். அப்புறம் லயத்த ஒடைச்சிருவாங்க."

"எப்பங்க கப்பலு?" என்று யாரோ கேட்டார்கள்.

"வர்றப்ப வரும்லா. நானா ஓட்டுறேன்?"

அன்றிலிருந்து அப்பா வீட்டில் இருந்தார். ஒரு வாரத்தில் தார் வாடை அவர் மேலிருந்து போய்விட்டது. அப்பாவுக்கென்று ஒரு வாடை இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெயிலில் கிடந்த பலகை மாதிரி.

தம்பிக்கு அப்போது நாலு வயது ஆகப்போகிற சமயம். அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொள்வார், என்னைக் கையில் பிடித்துக்கொள்வார். "வாங்க, காசு கேக்காத எடத்துக்குப் போலாம்" என்பார். தினமும் போனோம். ஒருநாள்கூட விடவில்லை.

முதல் இடம் கடலோரக் கல்சுவர். அதில் உட்கார்ந்தால் பாலம் முழுவதும் தெரியும். பாலம் கட்டிக் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. சிங்கப்பூருக்குப் போகிற ரயில் அதன் மேல் மெதுவாக ஊர்ந்து போகும். தம்பி பெட்டிகளை எண்ணுவான். அவனுக்கு நாலு வரைக்கும்தான் தெரியும். நாலு முடிந்ததும் மறுபடி ஒன்று. கடைசியில், "நெறைய நாலு" என்பான். ரயிலில் இருப்பவர்களுக்குக் கை காட்டுவோம். யார் யாரோ பதிலுக்குக் காட்டுவார்கள்.

நாங்கள் கிளம்புவது எப்போதும் உச்சி வேளையில்தான். வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த நேரத்தில் ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை. பிறகு எனக்குப் பிள்ளைகள் பிறந்து, ஒரு மதியம் பானையில் ஒன்றுமில்லாமல் அவர்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது புரிந்தது. சாப்பாட்டு வேளையைப் பிள்ளைகள் மறக்க வேண்டுமென்றால் வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இரண்டாவது ஐஸ் ஆலை. வாசலில் நின்றாலே மூக்கு எரியும். ஐஸ் பாளங்களை ரம்பத்தால் அறுப்பார்கள். தூள் சிதறும். சீனத் தொழிலாளி ஒருவர் எங்களைப் பார்க்காத மாதிரி ஒரு துண்டைக் காலால் தள்ளிவிடுவார். அதற்காகவே ஒரு பால் டின் வைத்திருந்தோம். அப்பா அதில் கம்பி கோத்துப் பிடி போட்டிருந்தார். வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் தண்ணீராகிவிடும். அம்மா அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஐஸு நல்லா இருக்கு" என்பாள்.

மூன்றாவது மர ஆலை. அங்கே மரத்தூள் மலை மாதிரி கிடக்கும். ஏறி உட்கார்ந்து சறுக்குவோம். உடம்பெல்லாம் அரிக்கும். அந்த ஆலைக்குப் பலகை இழுக்கிற மாட்டுவண்டிக்காரர்தான் எங்கள் பக்கத்து அறைக்காரர். நாங்கள் அவரை வண்டி மாமா என்போம். அவர் பெண்சாதியை அத்தை என்போம். சொந்தம் இல்லை, கூப்பிடுவதுதான். அவர்களுக்குச் சொந்த வண்டி, சொந்த மாடு. அவர்கள் ஊருக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை.

இங்கே தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

எனக்கும் தம்பிக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் பிறந்து இறந்துவிட்டன. தம்பி பிறந்த முப்பதாம் நாள் அவனை முறத்தில் கிடத்தி, வாசலில் வைத்து, அத்தைக்கு விற்றார்கள். விலை ஒரு முறம் தவிடு. மாட்டுக்கு வைத்திருந்த தவிடு அவர்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். அத்தை தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனாள். அரை மணி கழித்து, "பால் குடுக்க ஆளில்ல, நீயே வளத்துக் குடு" என்று திரும்பக் கொடுத்தாள். இந்த வழக்கம் உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால் தேடி வருகிற எமன் ஏமாந்து போவான் என்று ஒரு நம்பிக்கை. ஐந்து வயது முடிகிற வரை பெற்றவள் அவனைத் தன் பிள்ளை என்று சொல்லக்கூடாது. முடிந்த பிறகு முடி இறக்கி, திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அம்மா இதில் கண்டிப்பு. துணிக்காரன் வந்து, "ஒங்க பையனாம்மா?" என்றால்கூட, "இல்லீங்க, வண்டிக்காரர் வீட்டுப் பையன்" என்பாள். தம்பிக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யார் பிள்ளை நீ என்று கேட்டால் விரலை நீட்டி அத்தை வீட்டைக் காட்டுவான். எல்லாரும் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதற்காகவே மறுபடியும் காட்டுவான்.

குழாயடியில் அத்தை அம்மாவை வம்புக்கு இழுப்பாள்.

"ஏண்டி, எம் பிள்ள எளச்சுப் போயிருக்கான். சோறு போடுறியா இல்லியா? தவிடு குடுத்து வாங்கினவ நானு, கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?"

"ஒங்க பிள்ளைய நீங்களே வச்சுக்கங்க மதினி. தின்னே தீக்கிறான்."

"அலமாக்! நாலு வருசமா எம் பிள்ளைய ஓசியில கொஞ்சிப்புட்டு இப்பப் பேச்சப் பாரு."

அத்தைக்கு மூன்று பிள்ளைகள். அவள் சிரித்தால் குடத்துத் தண்ணீர் தளும்பும்.

நாலாவது ராஜா தோட்டத்து வேலி. உள்ளே கூண்டில் புலி இருந்தது. பார்க்க முடியாது. தீனி போடுகிற நேரத்தில் உறுமும். வேலிக்கு இந்தப் பக்கம் புல்லில் உட்கார்ந்து காத்திருப்போம். அந்தச் சத்தம் காதில் விழாது, வயிற்றில் விழும். முதல் நாள் தம்பி அப்பாவின் சட்டையில் மூத்திரம் போய்விட்டான்.

"பாக்கத்தான் விடமாட்டாங்க. கேக்கறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார் அப்பா.

ஐந்தாவது போலீஸ் பாண்டு வாசிக்கும் மைதானம். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பழகுவார்கள். பெரிய குழல் ஊதுகிறவர் ஒரே இடத்தில் சுருதி தப்புவார். அந்த இடம் வரும்போது நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். தப்பியதும் தம்பி கை தட்டுவான். அந்தக் குழல்காரர் ஒரு நாள் எங்களைப் பார்த்து முறைத்தார். மறுநாள் தப்பவில்லை. எங்களுக்குச் சப்பென்று போய்விட்டது.

கிராணி வந்தது இந்த நாட்களில்தான். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். மடக்கு மேசை, குடை, பெரிய ஏடு எல்லாம் கொண்டு வந்தார். மண்டோர் அந்தப் பக்கம் ஆண்களோடு கத்திக்கொண்டிருந்தார். கிராணி அறை அறையாக வந்து, கப்பலுக்கு எத்தனை பேர் என்று கேட்டு எழுதினார். எங்கள் வாசலுக்கு வந்தபோது தம்பி அம்மாவின் இடுப்பில் இருந்தான். அப்பா கதவருகே. நான் அம்மா பக்கத்தில். அத்தை தன் வாசலில் உட்கார்ந்து புளி உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பிள்ளையள்?"

"ஒண்ணுங்க ஐயா" என்று அம்மா என் தலையில் கை வைத்தாள்.

"இந்தப் பெடியன்?"

"இது அவங்க பிள்ளைங்க."

கிராணி கண்ணாடியைத் தாழ்த்தி அத்தையைப் பார்த்தார். அத்தை புளிக் கையை ஆட்டினாள். "ஆமாங்கய்யா, எம் பிள்ளதான். தவிட்டுக்கு வாங்கினது."

லயமே சிரித்தது. கிராணிக்குப் பாதி விளங்கவில்லை. தம்பியிடமே கேட்டார். "தம்பி, நீ ஆற்றை பிள்ளை?"

தம்பி விரலை நீட்டி அத்தை வீட்டைக் காட்டினான். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். மறுபடியும் காட்டினான்.

அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். மூடிக்கொண்டார். நான், "இவன் எந்தம்பி" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் பிடரியில் நகத்தால் கிள்ளினாள். அந்த இடம் இப்போதும் எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்க்க முடியாத இடம்.

கிராணி எழுதினார். பெரியவர் இரண்டு, சிறியவர் ஒன்று.

அப்பா கவலைப்படவில்லை. வேலைக் காலத்தில் காலையில் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிடுவார்கள். பேர் விட்டுப்போனால் மறுநாள் மண்டோரிடம் சொன்னால் சேர்த்துக்கொள்வார். கிராணியின் ஏடும் அப்படித்தான் என்று அப்பா நினைத்தார். மறுநாள் மண்டோரிடம் போய்ச் சொல்லவும் செய்தார்.

"சரி சரி, கப்பல் வர்றப்ப பாத்துக்கலாம்" என்றார் மண்டோர்.

நாங்கள் புலியைக் கேட்கப் போனோம்.

கப்பல் வந்தது. மண்டோர் சீட்டுகளோடு வந்தார். எங்களுக்கு மூன்று. ஐந்து நாளில் ரயில், அது சிங்கப்பூர்த் துறைமுகம் வரை.

அப்பா சீட்டுகளை எண்ணினார். புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணினார். "நாலு பேருங்க."

"ஏட்டுல மூணுதான்."

"நான்தான் அன்னைக்கே ஒங்ககிட்ட…"

"சொன்ன. நானும் மறந்துட்டேன். நான் என்னப்பா செய்ய? ஏடு மேல போயிருச்சு. கப்பல்ல தலைக்குத் தல எண்ணுவாங்க. ஒரு தல கூடுனா குடும்பமே நிக்கணும்."

அப்பா ஆபீசுக்கு நடந்தே போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஏன் என்று தெரியவில்லை. பழக்கதோஷமாக இருக்கும். கிராணி கெட்டவர் இல்லை. அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை.

"அண்டைக்கு உம்மட மனிசியே இல்லை எண்டு சொன்னவ. பெடியனும் கையைக் காட்டினவன். ஊரே சிரிச்சது. இப்ப வந்து உம்மட பிள்ளை எண்டால் நான் என்ன செய்யிறது?"

"அது ஒரு வழக்கமுங்க ஐயா."

"வழக்கத்தை எந்த வரியிலை எழுதுறது, சொல்லும்?"

அடுத்த கப்பலுக்கு வேண்டுமானால் எழுதலாம், எப்போது என்று தனக்கே தெரியாது என்றார் கிராணி. அதுவரை இருக்க அறை இல்லை, அரிசி இல்லை. அதையும் அவரே சொன்னார்.

மூன்று நாள் போனது. அத்தைதான் வாசலில் வந்து நின்று சொன்னாள். "இதுக்குப் போயி ஏன் இப்பிடி ஒக்காந்திருக்கீங்க? எம் பிள்ளதானே அவன். எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. அடுத்த கப்பல்ல யாராச்சும் நல்ல மனுசங்களோட அனுப்பி வைக்கிறேன்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். சத்தியமாகச் சொல்வேன். ஆனால் அம்மாவின் முகம் செத்துவிட்டது. தம்பியை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டாள். அத்தை போன பிறகு அப்பாவிடம் சொன்னாள்.

"விட்டுட்டுப் போனா வித்தது வித்ததாவே ஆயிரும். நான் மாட்டேன்."

"அப்ப எல்லாரும் நிப்போம்."

"எங்க நிப்போம்? ரோட்டுலயா? இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு அவன் ரோட்டுல தாங்குவானா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத் தோலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"இவள விடலாம். இவ விக்காத பிள்ள. இவளுக்கு ஒண்ணும் ஆகாது. பேரும் ஏட்டுல இருக்கு. அவன் பேருதான் இல்ல. இவ எடம் எங்க போகப்போவுது? அடுத்த கப்பல்ல வந்துருவா."

சீட்டில் சிறியவர் ஒன்று என்றுதான் இருந்தது. ஆணா பெண்ணா என்று இல்லை.

அம்மாவை யாரும் குறை சொல்ல வேண்டாம். நான் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள். எது ஆபத்து, எது ஆபத்து இல்லை என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அதில் நான் பத்திரமான பக்கத்தில் இருந்தேன்.

ஆறாவது இடம் பாலம். தம்பி எத்தனையோ முறை அழுதும் அப்பா எங்களைப் பாலத்தின் மேல் கூட்டிக்கொண்டு போனதில்லை. காற்று அடிக்கும், தூரம் அதிகம் என்பார். கிளம்புவதற்கு முந்தின நாள் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். வழியில் ஒரு காசுக்குக் கச்சாங் வாங்கினார். வறுத்த கடலை, கூம்புக் காகிதத்தில், சூடாக. அந்தக் காலம் முழுவதும் அப்பா எனக்காகக் காசு கொடுத்து வாங்கியது அது ஒன்றுதான்.

பாதி தூரம் நடந்தோம். கீழே தண்ணீர் பச்சையாக இருந்தது. காற்றில் அப்பாவின் வேட்டி படபடவென்று அடித்தது.

"நீ பெரியவ" என்றார்.

"ம்."

"அத்தகூட இரு. அடுத்த கப்பல்ல வந்துரு."

"எப்பப்பா அது?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். "மழைக்கு முன்னால."

"யாரு என்னைக் கூட்டிக்கிட்டு வருவா?"

"சொல்லி வச்சிருக்கேன்."

யாரிடம் சொல்லி வைத்தார் என்று நான் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை என்று இப்போது தெரியும். அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதே கப்பலில் போகிறவர்கள்.

நான் கச்சாங் முழுவதையும் தின்றுவிட்டேன். தம்பிக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. காகிதத்தைக் கடலில் போட்டேன். அப்பா சொன்ன வார்த்தைகளைவிட இதுதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

மறுநாள் காலையில் அம்மா எனக்குத் தலை வாரிப் பின்னினாள். இறுக்கிப் பின்னினாள். நெற்றித் தோல் இழுத்தது. "அவுக்காத, நாலு நாளைக்கு அப்பிடியே இருக்கும்" என்றாள். என்னைத் தன் பிள்ளை என்று சொல்ல அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை.

தம்பிக்கு ஒன்றும் தெரியாது. ரயிலில் போகிறோம் என்று குதித்தான். பால் டின் வேண்டும் என்று அடம் பிடித்தான். எடுத்துக் கொடுத்தேன்.

"நீ வா."

"நான் கல்சுவர்ல ஒக்காந்து கை காட்டணும்ல? யாராச்சும் காட்டணும்ல?"

அது அவனுக்குச் சரியாகப் பட்டது. தலையை ஆட்டினான்.

பிளாட்பாரத்துக்குள் போகச் சீட்டு வாங்க வேண்டும். கல்சுவர் சும்மா. அத்தையும் நானும் கல்சுவருக்குப் போனோம். அத்தை அன்று வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ரயில் பாலத்தின் மேல் வந்தது. நான் கை காட்டினேன். எல்லா ஜன்னலிலிருந்தும் கைகள் ஆடின. அவ்வளவு பேரும் ஊருக்குப் போகிறவர்கள். எது யார் கை என்று தெரியவில்லை. டின் மின்னுமா என்று பார்த்தேன். வெயிலில் எல்லா ஜன்னலும் மின்னியது. பெட்டிகளை எண்ணினேன். எனக்கு நூறு வரை தெரியும். ஆனால் நாலுக்கு மேல் போகவில்லை.

ஏழாவது அந்தக் கப்பல். காசு கேட்காத கப்பல். நான் அதில் ஏறவில்லை. அதைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பத்து நாளில் லயத்தை உடைத்தார்கள். வண்டி மாமா மர ஆலைக்குப் பின்னால் ஒரு குடிசை போட்டார். நான் மாட்டுக்குத் தவிடு கலந்தேன், அத்தையின் கடைக்குட்டியைத் தூக்கினேன். என்னை யாரும் அடிக்கவில்லை. மழைக்கு முன்னால் என்று அப்பா சொன்னார். மழை வந்து, தகரத்தில் இரைந்து, ஓய்ந்துவிட்டது.

வண்டி மாமா ஒரு நாள் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அதே கிராணி. ஏட்டைப் புரட்டினார். வரியில் விரலை வைத்துப் படித்தார்.

"பெரியவர் ரெண்டு, சிறியவர் ஒண்டு. மூண்டு பேரும் போயிட்டினம்."

"சின்னது போகலிங்கய்யா. இந்தா நிக்குது."

கிராணி கண்ணாடியைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என்னை அவருக்கு நினைவிருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"ஏட்டின்படி இந்தப் பிள்ளை இந்தியாவிலை நிக்குது" என்றார். "இல்லாத பிள்ளையை நான் எப்பிடி அனுப்புறது?" ஏட்டை மூடிவிட்டு, "எழுதிப் பாக்கிறன்" என்றார். எழுதியிருப்பார். ஒன்றும் வரவில்லை. பிறகு சும்மாக் கப்பலே நின்றுவிட்டது.

அடுத்த வருஷம் ஒரு கடிதம் வந்தது. அம்மா சொல்ல, யாரோ எழுதியது. மர ஆலைக் கணக்கப்பிள்ளை படித்துக் காட்டினார். தம்பிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, முடி இறக்கிவிட்டோம், இப்போது என் பிள்ளை என்று வாய் விட்டுச் சொல்கிறேன் என்று இருந்தது. கடைசியில், 'உன் இடம் ஏட்டில் இருக்கிறது. ஏன் இன்னும் வரவில்லை? அத்தை வீட்டில் நல்ல சோறு என்று இருந்துவிட்டாயா?' என்று இருந்தது.

பதில் எழுதச் சொன்னேன். ஏட்டில் நான் இல்லை என்று எழுதச் சொன்னேன். கணக்கப்பிள்ளை, "இத எப்பிடிம்மா எழுதுறது? அவங்களுக்கு விளங்காது" என்றார். நலம் என்று மட்டும் எழுதினார். பிறகு கடிதம் இல்லை.

அதற்கப்புறமும் கல்சுவருக்குப் போவேன். ஐஸ் ஆலைக்குப் போவேன். டின் இல்லை, கையில்தான் ஏந்தினேன். பாண்டு வாசிக்கிறவர்கள் வேறு பாட்டுக்கு மாறிவிட்டார்கள்.

இன்னொரு கிராணி வந்தார். இவர் புதியவர், இளவயது. வீடு வீடாகத் தலை எண்ணுகிறவர். அத்தை வாசலில் உட்கார்ந்து புளி உதிர்த்துக்கொண்டிருந்தாள். நான் உரலருகே நின்றேன்.

"எத்தனை பிள்ளைங்கம்மா?"

"நாலு" என்றாள் அத்தை.

அவளுக்கு மூன்று. நான் அவளைப் பார்த்தேன். அவள் புளியைப் பார்த்தாள். என் மேல் பாசத்தில் சொன்னாளா, வேலைக்கு ஆள் வேண்டுமென்று சொன்னாளா, என் அம்மா தம்பியைக் காத்த மாதிரி என்னைக் காக்க நினைத்தாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவளைக் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். அப்போதும் கேட்கவில்லை.

கிராணிக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, என் பக்கம் திரும்பினார்.

"நீ யார் பிள்ளைம்மா?"

சொல்வதற்கு நேரம் இருந்தது. அம்மா இல்லை, பிடரியில் கிள்ள யாரும் இல்லை. அப்பா பேரும் ஊர் பேரும் எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. விரலை நீட்டி அத்தை வீட்டைக் காட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டு போனார்.